முதல் இறக்கம்

மழை விட்ட பிறகு போகலாம் என்று நான் தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். யார் கேட்டது? மூன்று நாளாகப் புயல் மழை. தெருவில் முழங்காலை எட்டும் தண்ணீர். வாசலில் வந்து நின்ற லாரிக்குச் சக்கரம் பாதிதான் தெரிந்தது. பூனைகூட வெளியே தலைகாட்டாத அந்த நாளில்தான் நாங்கள் வீடு மாறினோம்.

"இன்னிக்கு விட்டா லாரி கிடைக்காதுக்கா. நாளைக்கு இங்க வேற ஆளுங்க குடிவராங்க" என்றாள் தங்கை. அவள் என் முகத்தைப் பார்க்காமல் திரைச்சீலையை மடித்துக்கொண்டிருந்தாள். வேலை மும்முரம் என்று நினைத்தேன். அன்றைக்கு நான் நினைத்ததெல்லாம் இப்படித்தான்.

நாங்கள் என்றால் நான்கு பேர். தங்கை, அவள் புருஷன், அவர்கள் மகள் குட்டி, நான். குட்டி என்று பெயர்தானே தவிர என்னைவிட ஒரு சாண் உயரம், கல்லூரியில் கடைசி வருஷம். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. குட்டி பிறந்தபோது, "ஒரு மாசம் வந்து கூட இரேன்க்கா" என்று தங்கை கூப்பிட்டாள். வந்தேன். இருபது வருஷமாகியும் அந்த ஒரு மாதம் முடியவில்லை.

முப்பத்தொரு வருஷம் மருந்து மொத்த வியாபாரக் குடோன் ஒன்றில் டெஸ்பாட்ச் பார்த்தவள் நான். ஒரு வண்டியில் பதினாறு கடைக்குச் சரக்கு ஏற்றுவேன். ஒரு பெட்டி மாறிப் போனதாக என் மேல் யாரும் விரலை நீட்டியதில்லை. அதில் பெரிய சூத்திரம் ஒன்றும் கிடையாது. வண்டி முதலில் நிற்கப்போகும் கடையின் சரக்கைக் கடைசியில் ஏற்ற வேண்டும். கதவைத் திறந்ததும் அது கைக்கு வரும். இது தெரியாதவன் ஒவ்வொரு கடை வாசலிலும் பாதி வண்டியைக் காலி செய்துகொண்டு நிற்பான்.

பத்து நாள் முன்னால், காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது, தங்கை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அக்கா, லாரியில முதல்ல இறக்க வேண்டியதை எப்ப ஏத்தணும்?" என்று கேட்டாள். என் தொழிலைப் பற்றி அந்த வீட்டில் ஒருவர் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. விடுவேனா? கத்தியைக் கீழே வைத்துவிட்டு அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப உன் சாமானைக் கடைசில ஏத்தச் சொல்லிடறேன்க்கா. முதல்ல உன் ரூம் ரெடியாகட்டும். நீ காலை நீட்டி உக்காரு, மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றாள்.

ஓய்வு பெற்று ஒரு வருஷமாக நாலு வேளையும் அடுப்படியே கதி என்று கிடக்கிறவளை ஒருத்தி நினைத்துப் பார்க்கிறாளே என்று இருந்தது. எழுந்து போய் அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன்.

புது வீட்டை நான் ஒரே ஒரு தடவைதான் பார்த்திருந்தேன். மாடி வீடு. மேலே இரண்டு படுக்கையறை, கீழே கூடம், சமையலறை, அதை ஒட்டி ஜன்னல் வைத்த ஓர் அறை. "என் முட்டிக்கு இதுதான் சரிப்படும்" என்றேன். "பாக்கலாம்க்கா" என்றாள் தங்கை. பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். இது ஊருக்கே தெரியும். என் தங்கை வாயிலிருந்து வந்தால் மட்டும் எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

பெட்டிகளுக்கு எண் எழுதினது குட்டி. என் பெட்டி ஒன்பதிலும் 1 என்று போட்டிருந்தாள். மற்றதிலெல்லாம் 2. கீழ் வீடு 1, மாடி 2 என்று நானே எடுத்துக்கொண்டேன். யாரும் எனக்கு அப்படிச் சொல்லவில்லை என்பதை இப்போது நினைத்தால் எனக்கே என்னை அறையலாம் போல இருக்கிறது.

காலையில் லாரி வருவதற்கு முன்னால், பழக்கதோஷம், எல்லாப் பெட்டியையும் ஒரு சுற்றுச் சரிபார்த்தேன். சமையல் சாமான் பதினொரு பெட்டி. பதினொன்றிலும் 2. அடுப்பு, மிக்சி, குக்கர், பாத்திரம் எல்லாம் மாடிப் படுக்கையறைக்கா போகும்? படிக்கிற பெண், ஏதோ ஞாபகத்தில் எழுதிவிட்டாள். அவளுக்குத் திட்டு விழக் கூடாதே என்று சத்தம் போடாமல் பதினொரு சீட்டையும் உரித்துவிட்டு 1 என்று எழுதி ஒட்டினேன். மழையில் மை கரையாமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் கண்ணாடி டேப் வேறு ஒட்டினேன். வேலை என்றால் எனக்கு அப்படி ஒரு சுத்தம்.

பிறகு ஏற்றினார்கள். தார்ப்பாயைப் பிடித்தால் காற்று பிடுங்கியது; பிடுங்கியதைப் பிடிக்கப் போனவன் வழுக்கி விழுந்தான். மெத்தை நனைந்து கனத்துப்போய் நாலு ஆள் தூக்க வேண்டியதாயிற்று. தங்கையின் புருஷன் குடையைப் பிடித்துக்கொண்டு எல்லாருக்கும் குறுக்கே நின்று உதவி செய்தார். ஏற்றுகிற ஆட்களின் மேஸ்திரி, தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு, "ஒண்ணு போட்டதெல்லாம் கடைசில ஏத்தச் சொல்லியிருக்காங்க. சரியா மேடம்?" என்று என்னிடம் கேட்டார்.

"சரி. கடைசில ஏறினாத்தான் முதல்ல இறங்கும்" என்றேன்.

"உங்களுக்குத் தொழில் தெரியுது" என்றார். நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தவளுக்கு அதில் ஒரு பெருமை.

கிளம்பும்போது தங்கை, "லாரியில யாராவது கூட வரணும்க்கா. எது எங்கன்னு உனக்குத்தானே தெரியும். நாங்க கார்ல முன்னால போயி வீட்டைத் திறந்து வைக்கறோம்" என்றாள். குட்டி காரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். எப்போதும் "பெரிம்மா, என் பக்கத்துல வா" என்கிறவள் அன்றைக்குக் கைபேசியை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. வீட்டைப் பிரிகிற வருத்தம் என்று நினைத்தேன்.

டிரைவருக்கும் மேஸ்திரிக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு நான் போனேன். கண்ணாடியைத் துடைக்கிற இரண்டு குச்சியில் ஒன்றுதான் ஆடியது. ஒரு மரம் சாய்ந்து கிடந்ததால் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இருபது நிமிஷ தூரத்துக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. புது வீட்டுக்கு இன்னும் இரண்டு தெரு இருக்கும்போதே டிரைவர் வண்டியைத் திருப்பி ஒரு பச்சை கேட் முன்னால் நிறுத்தினார்.

"இந்தத் தெரு இல்லப்பா. இன்னும் ரெண்டு தெரு தள்ளி" என்றேன்.

"அது ரெண்டாவது இறக்கம்மா. முதல் இறக்கம் இங்கதான்" என்றார் டிரைவர்.

"எது முதல் இறக்கம்? இருக்கறது ஒரு வீடுதான்."

டிரைவர் மேஸ்திரியைப் பார்த்தார். மேஸ்திரி சட்டைக்குள்ளிருந்து பிளாஸ்டிக் உறையில் போட்ட ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார். தங்கை புருஷனின் கையெழுத்தில் இரண்டு விலாசம் இருந்தது. முதல் விலாசத்தின் கீழே, குட்டியின் வட்ட வட்டமான எழுத்தில், 'பெரிம்மா சாமான், பின்பக்க ரூம். பெட்டி 1 எல்லாம் இங்கே' என்று இருந்தது.

மூன்று தடவை படித்தேன். புரியாமல் இல்லை. டெஸ்பாட்ச் தாள் எனக்குப் புரியாமல் போகுமா? பதினாறு கடைக்கு எழுதினவள் நான். மாடி, கீழ் வீடு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த எண் எதுவென்று அப்போதுதான் மண்டையில் உறைத்தது. முதல் இறக்கத்தில் நான். இரண்டாவது இறக்கத்தில் அவர்கள் மூன்று பேரும்.

"நேரா அந்த வீட்டுக்கு விடுங்க. இங்க எதையும் இறக்க வேணாம்" என்றேன்.

மேஸ்திரி தயங்கினார். "அதில்லம்மா, இதை இறக்கினாத்தான் அங்க மத்ததைத் தொடவே முடியும். வாசல்ல இந்தச் சாமான்தானே அடைச்சிட்டு நிக்குது? காலைல நீங்களே சொன்னீங்களே." அவர் குத்திக்காட்டவில்லை. உள்ளதைத்தான் சொன்னார்.

தங்கைக்குப் போன் போட்டேன். முழுக்க அடித்து ஓய்ந்தது. மறுபடியும் போட்டேன், இரண்டாவது மணியிலேயே நின்றது. பாதியில் நின்றால் என் பெயரைப் பார்த்து யாரோ நிறுத்தியிருக்கிறார்கள் என்று அர்த்தம். குட்டிக்குப் போட்டேன். அடித்தது, அடித்தது, எடுக்கவில்லை. அவள் தலையணைக்கும் கைபேசிக்கும் பிறந்தவள், தூக்கத்தில்கூட எடுப்பாள். தங்கை புருஷனுக்குப் போடவில்லை. அவரிடம் எனக்குக் கேட்க எதுவும் இருந்ததில்லை.

வெளியே இரண்டு ஆட்கள் தார்ப்பாயின் கீழ் நின்று நனைந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? இறங்கினேன்.

வீட்டுக்காரம்மா குடையோடு ஓடி வந்தாள். நல்ல மனுஷி மாதிரிதான் தெரிந்தது. என்னைக் கையைப் பிடித்துப் பின்பக்கம் அழைத்துக்கொண்டு போனாள். ஓர் அறை, அதன் மூலையில் சமையல் மேடை, ஒட்டிக் குளியலறை. சுவருக்குப் புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தது.

"ரெண்டு மாசமா உங்களுக்குத்தான் பூட்டி வச்சிருக்கேன். உங்க தங்கச்சி பொண்ணு வந்து பாத்துட்டு, பெரிம்மாவுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல், ஜன்னல் பெரிசா இருக்கணும்னு சொல்லிச்சு. நாலு வீடு பாத்துட்டுத்தான் இதைப் பிடிச்சுதாம். உங்க மேல அவ்வளவு பாசம்" என்றாள்.

இரண்டு மாதம். அதற்குள் எத்தனை தடவை அவளுக்குத் தலை வாரிவிட்டிருப்பேன்? எத்தனை தடவை எதிரே உட்கார்ந்து நான் போட்டதைச் சாப்பிட்டிருப்பாள்? ஜன்னலைப் பார்க்கத் தெரிந்தவளுக்கு, பெரிம்மா, உனக்கு வேற ரூம் பாத்திருக்கோம் என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை. தங்கை செய்தது வயிற்றெரிச்சல். குட்டி செய்ததை எங்கே வைத்துக்கொள்வது என்றே எனக்குத் தெரியவில்லை.

ஆட்கள் இறக்கத் தொடங்கினார்கள். என் கட்டில், என் பீரோ, என் பெட்டி ஒன்பது. அதன் பிறகு பத்தாவதாக ஒரு பெட்டி வந்தது. கனமாக வைத்தார்கள், உள்ளே பாத்திரம் குலுங்கியது. அடுத்தது வந்தது. அதற்கும் அடுத்த பெட்டியில்தான் கண்ணாடி டேப்பின் அடியில் என் கையெழுத்தைப் பார்த்தேன்.

குட்டி தப்பாக எழுதவில்லை. சமையலறை இரண்டாவது இறக்கத்துக்குப் போக வேண்டியதுதான். திருத்துகிறேன் பேர்வழி என்று நான்தான் அவர்கள் அடுப்படியையே பெயர்த்து எனக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறேன்.

"மேடம், இதெல்லாம் இங்கதானே?" என்று மேஸ்திரி கேட்டார். இல்லை என்று ஒரு தலையாட்டலில் சரிசெய்திருக்கலாம். முப்பத்தொரு வருஷத்தில் தெரிந்தே ஒரு பெட்டியை நான் மாற்றி அனுப்பியதில்லை.

"ஒண்ணுன்னு போட்டிருக்குல்ல? இறக்குங்க" என்றேன்.

பதினொன்றும் இறங்கின. லாரி போனது. என் கட்டிலின் மேல், பிரிக்காத பெட்டிகளுக்கு நடுவில், ஈரப் புடவையோடு உட்கார்ந்துகொண்டேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: அப்போதும் நான் காத்துக்கொண்டுதான் இருந்தேன். போன் வரும். அவள் அழுவாள். தப்புப் பண்ணிட்டேன்க்கா என்பாள். அவர் பிடிவாதம், எனக்கு வேற வழி தெரியல என்று ஏதாவது சொல்லி மழுப்புவாள். மழுப்பினாலும் பரவாயில்லை, நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு மன்னித்துவிடலாம் என்றே இருந்தேன். அவ்வளவு சுலபமானவள்தான் நான்.

ஒரு மணி நேரம் கழித்துப் போன் வந்தது.

"அக்கா, அடுப்பு எங்க?" என்றாள் தங்கை.

டேப் ஒட்டிய பெட்டிகளைப் பார்த்தேன்.

"அக்கா? கேக்குதா? சமையல் பெட்டி ஒண்ணுகூட வரல. மேஸ்திரி எல்லாம் அங்க இறக்கியாச்சுங்கறான். இவங்களுக்கெல்லாம் பசி, ஒரு டம்ளர்கூட இல்ல."

"இங்க இருக்கு. வந்து எடுத்துக்க" என்றேன்.

நேரில் வர வேண்டியிருக்கும் என்று அவள் கணக்குப் போட்டிருக்கவில்லை. என்னை அங்கே இறக்கிவிட்டு, கோபம் தணிய நாலு நாள் விட்டு, ஏதாவது வாங்கிக்கொண்டு சிரித்தபடி வந்து நிற்பதுதான் அவள் யோசனையாக இருந்திருக்கும். அவளை எனக்குத் தெரியாதா?

கார் வந்தது. தங்கை மட்டும் இறங்கித் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு ஓடி வந்தாள். பின்சீட்டுக் கண்ணாடி மூடியிருந்தது. உள்ளே குட்டி உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

வந்தவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அறையைச் சுற்றிப் பார்த்தாள். "நல்ல வெளிச்சமா இருக்குல்லக்கா?" என்றாள்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். அவருக்கு வீட்ல ஆபீஸ் ரூம் வேணும். மேல குட்டிக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு. நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்தேன்க்கா."

"எங்கிட்ட எவ்வளவு சொன்னே?"

அவள் ஒரு பெட்டியின் ஓரத்தை நகத்தால் சுரண்டினாள்.

"லாரியில எதைக் கடைசில ஏத்தணும்னு எங்கிட்டயே கேட்டியே. நானும் வாயெல்லாம் பல்லா உக்காந்து சொல்லிக்குடுத்தேன். என்னை வீட்டை விட்டு எப்படி இறக்கறதுன்னு எங்கிட்டயே கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டு, அதுக்கு என் கையால காபியும் வாங்கிக் குடிச்சிருக்கே. உனக்கு எப்படிடி மனசு வந்துது?"

"இப்ப என்னக்கா ஆகிப்போச்சு?" என்று அவள் குரல் உயர்ந்தது. பிறகு சட்டென்று குழைந்து, என் பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேற ஊரா? ரெண்டு தெரு. அதுக்குத்தானே பக்கத்துலயே பாத்தோம். நீ காலைல ஆறு மணிக்கு வந்துட்டேன்னா எல்லாம் எப்பவும் போலத்தான். சமையலை முடிச்சிட்டு, மத்தியானம் அங்கயே கொஞ்சம் படுத்துட்டு, ராத்திரிக்கும் பண்ணி வச்சிட்டு வந்துடலாம். தூங்கறதுக்கு மட்டும்தான் இந்த ரூம். எதுவுமே மாறலக்கா."

என் கையை மெல்ல இழுத்துக்கொண்டேன். அவள் மறைக்கவில்லை, நடிக்கவில்லை, மனசாரச் சொன்னாள். அடுப்படி அங்கே, அடுப்படிக்காரி இங்கே, விடிந்தால் அவள் நடந்து வருவாள். இரண்டு மாதமாக ஜன்னல், குளியலறை, தூரம் எல்லாம் பார்த்துப் பார்த்துப் போட்ட திட்டத்தில் நான் வருவேனா என்பது ஒன்றைத்தான் யாரும் யோசிக்கவே இல்லை. யோசிக்கிற விஷயமாகவே அவர்களுக்குப் படவில்லை. அதுவரைக்கும் எனக்குள் மன்னிக்கக் காத்திருந்தது எதுவோ, அது அப்போது போய்விட்டது.

"நான் வரல" என்றேன்.

"நாளைக்கு வேணாம்க்கா, களைப்பா இருப்பே. நாளன்னிக்கு வா."

"நாளன்னிக்கும் வரல."

அவள் அப்போதுதான் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். காலையிலிருந்து முதல் தடவை. "விளையாடறியா? அவருக்கு எட்டு மணிக்குள்ள டிபன் ஆகணும். குட்டிக்குப் பரீட்சை வருது. நான் ஆபீஸுக்குப் போவேனா, இதைப் பாப்பேனா? கோவத்துல பேசாதக்கா."

"கோவம்தான். அதனால என்ன?"

கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. குட்டி நனைந்துகொண்டே வந்து வாசற்படியில் நின்றாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "பெரிம்மா, நான் சொல்லிடலாம்னு எத்தனையோ தடவை..." என்று தொடங்கினாள்.

"பெட்டியைத் தூக்கு" என்றேன். "பதினொண்ணு இருக்கு. மழை பலக்கறதுக்குள்ள போகணும்."

தாயும் மகளுமாகத் தூக்கினார்கள். பழக்கமில்லாத கை, ஒவ்வொரு பெட்டிக்கும் நின்று மூச்சு வாங்கினார்கள். எனக்கு எழுந்து ஒரு பக்கம் பிடிக்கக் கை துடித்தது. மடியில் இறுக்கி வைத்துக்கொண்டேன். கடைசிப் பெட்டியைக் காரில் வைத்துவிட்டுத் தங்கை திரும்பி வந்து வாசலில் நின்றாள். முகத்தில் மழையா கண்ணீரா என்று தெரியவில்லை. நான் சாப்பிட்டேனா என்று கேட்பாள் என்று நினைத்தேன். காலையிலிருந்து நான் எதுவும் சாப்பிடவில்லை, அது அவளுக்குத் தெரியும்.

"அப்ப காலைல டிபன் யாரு பண்ணுவாங்கக்கா?" என்றாள்.

நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். கார் கிளம்புகிற சத்தம் அடங்கும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அழுகை வந்ததும் பழக்கத்தில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டேன். பிறகு, இங்கே என் சத்தம் கேட்டு யாரும் முகம் சுளிக்கப் போவதில்லை என்பது நினைவுக்கு வந்தது. முந்தானையை எடுத்துவிட்டுச் சத்தம் போட்டே அழுதேன்.